அம்மாவுக்கு டிமென்ஷியா: பெங்களூரில் எதில் தொடங்குவது, யாரைக் கேட்பது

மகன் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் சொன்ன நிலைமை இது. பெங்களூரு ராமமூர்த்தி நகரில் வீடு. அம்மாவுக்கு 73 வயது. கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் கன்னடம். ஒரு வருடமாக மறதி. அடுப்பை அணைக்காமல் வந்துவிடுகிறார். வேலைக்கு வரும் பெண் வளையலை எடுத்துவிட்டாள் என்று சண்டை போடுகிறார். பக்கத்து கிளினிக்கில் "டிமென்ஷியா மாதிரி இருக்கு" என்று சொல்லி ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மகன், மருமகள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். அண்ணன் சென்னையில். எதில் தொடங்குவது, யார் உதவுவார்கள்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் பல வேலைகளை அடுத்த வருடம்கூடச் செய்யலாம். சிலவற்றை அம்மாவுக்கு விஷயம் புரிந்து கையெழுத்துப் போட முடிகிற காலத்துக்குள் முடித்தாக வேண்டும். குடும்பங்கள் பெரும்பாலும் மாத்திரை, ஸ்கேன் என்று ஓடிவிட்டு இந்தக் காலத்தைத் தவறவிடுகின்றன. அதனால் மருத்துவமும் காகித வேலையும் ஒரே மாதத்தில் ஓடட்டும்.

"டிமென்ஷியா மாதிரி" என்பதோடு நிற்காதீர்கள். மறதிக்குச் சரிசெய்யக்கூடிய காரணங்கள் உண்டு. பி12 குறைவு, தைராய்டு குறைவு, ரத்தத்தில் சோடியம் குறைவு, மனச்சோர்வு, காது மந்தம், தலையில் அடிபட்டு மெதுவாக ரத்தம் கட்டியிருப்பது எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். சர்க்கரைக்கு வருடக்கணக்காக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும், வயிற்றெரிச்சலுக்குத் தினமும் பான்டோபிரசோல் போடுகிறவர்களுக்கும் பி12 குறையும். சைவ உணவுக்காரர்களுக்கு இன்னும் அதிகம். நடை தடுமாறி, சிறுநீர் அடக்க முடியாமல், மறதியும் சேர்ந்து வந்தால் மூளையில் நீர் கோர்த்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில மாத்திரைகளே குழப்பத்தைக் கூட்டும்: தூக்கத்துக்கோ நரம்பு வலிக்கோ கொடுக்கும் அமிட்ரிப்டிலின், சளிக்குக் கடையில் வாங்கும் குளோர்ஃபெனிரமின், சிறுநீர் அவசரத்துக்கான ஆக்சிபியூட்டினின் போன்றவை. ஆகவே வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், ஆயுர்வேத லேகியம் உட்பட, ஒரு பையில் போட்டு டாக்டர் முன்னால் கொட்டுங்கள்.

போகுமிடம் ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல, நரம்பியல் மருத்துவமனை. முதியோர் மனநலப் பிரிவும், நினைவுக் கோளாறுகளைப் பார்க்கும் நரம்பியல் பிரிவும் அங்கே உண்டு. காலையில் சீக்கிரம் போங்கள், பகல் முழுவதும் ஆகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், அம்மா சாப்பிடும் டிபன், மூக்குக்கண்ணாடி, காது மெஷின் இருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும். கண்ணாடி இல்லாமல் போனவர் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லாததை மறதி என்று எழுதிவிடக் கூடாது. கர்நாடக அரசும் நிம்ஹான்ஸும் சேர்ந்து 2022-ல் தொடங்கிய மூளை நலத் திட்டத்தில் ஜெயநகர் பொது மருத்துவமனை, கோலார், சிக்கபள்ளாபூர் ஆகிய இடங்களில் மூளை நல கிளினிக்குகள் வந்தன. உங்கள் சொந்தக்காரர் யாராவது தங்கவயலிலேயே இருந்தால் கோலாரில் கேட்கச் சொல்லுங்கள்.

ஒரு தாளில் தேதியோடு ஏழெட்டுச் சம்பவங்களை எழுதிக்கொண்டு போங்கள். "ரொம்ப மறதி" என்றால் டாக்டருக்கு ஒன்றும் கிடைக்காது. "மார்ச் மாதம் சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டார், ஜூனில் பேரன் பெயரை மாற்றிச் சொன்னார், ஆகஸ்டில் மார்க்கெட்டிலிருந்து திரும்பி வரும்போது தெரு தெரியாமல் நின்றார்" என்றால் எந்த வேகத்தில் போகிறது என்று தெரியும். இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிகிறார்களா என்பதையும் சேருங்கள். காரணம் கீழே வருகிறது.

அடுத்தது மொழி. நினைவுப் பரிசோதனை தமிழில் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். வார்த்தைப் பட்டியலைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது, ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்கிறார் என்பதெல்லாம் மொழியோடு கட்டுண்டவை. கடைத்தெருக் கன்னடத்தில் கேட்டால் உங்கள் அம்மா உண்மையைவிட மோசமாகத் தெரிவார். அவர் எத்தனாவது வரை படித்தார் என்பதையும் சொல்லுங்கள். மதிப்பெண்ணை அதை வைத்துத்தான் படிப்பார்கள். இப்போது நிம்ஹான்ஸில் நரம்பியல் பேராசிரியராக இருக்கும் சுவர்ணா அல்லாடி, ஹைதராபாதில் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு டிமென்ஷியா சராசரி நாலரை வருடம் தள்ளி வந்திருந்தது தெரிந்தது. பெங்களூரில் வளரும் உங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசட்டும் என்பதற்கு இதுவும் ஒரு நல்ல காரணம். நோய் வந்த பிறகு, பின்னால் கற்ற மொழி சிலருக்கு முதலில் நழுவும், தாய்மொழி அதிக காலம் தங்கும். அம்மாவின் கன்னடம் ஒருநாள் போய்விடலாம் என்பதை மனதில் வைத்துக்கொண்டே மற்ற ஏற்பாடுகளைச் செய்யுங்கள்.

மாத்திரையைப் பற்றி. இந்த நோய்க்கு எழுதும் டோனெபிசில் மாத்திரையை வழக்கமாக 5 மில்லிகிராமில் தொடங்கி, 4 முதல் 6 வாரம் கழித்து 10 ஆக்குவார்கள். சில மாதங்கள் சமாளிப்பைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும்; நோயை நிறுத்தாது. வாந்தி, பேதி, பசியின்மை வரலாம். நாடித்துடிப்பைக் குறைக்கும் என்பதால் மயக்கம் வந்து விழுந்தால் உடனே ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். கெட்ட கனவுகள் வந்தால் இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தோலில் ஒட்டும் ரிவாஸ்டிக்மின் மருந்துப் பட்டை உண்டு. தினம் இடம் மாற்றி ஒட்ட வேண்டும், பழையதைப் பிய்த்தெடுத்த பிறகுதான் புதியதை ஒட்ட வேண்டும். இரண்டு பட்டைகள் சேர்ந்து ஒட்டியிருப்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. கத்தல், சந்தேகம் அதிகமாகி ரிஸ்பெரிடோன், க்வெடியாபின் எழுதிக் கொடுத்தால், எத்தனை வாரத்துக்கு, எப்போது குறைப்பீர்கள் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். வயதான டிமென்ஷியா நோயாளிகளுக்கு இவை பக்கவாத அபாயத்தையும் இறப்பு அபாயத்தையும் கூட்டுகின்றன. இல்லாத ஆட்களைப் பார்க்கிறவர், கை கால் இறுகி நடை சுருங்குகிறவர் என்றால் அது லூயி பாடி என்ற வகை டிமென்ஷியாவாக இருக்கலாம். அவர்களுக்கு ஹாலோபெரிடால் போன்றவை உயிருக்கே ஆபத்தாக முடியலாம். முன்னால் சொன்ன தாளில் அந்த வரி வேண்டும் என்றது இதற்காகத்தான்.

இன்னொன்று: இரண்டு மூன்று நாளில் திடீரென்று நிலைமை தலைகீழானால் அதை "நோய் முத்திவிட்டது" என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, புது மாத்திரை, எங்கோ வலி என்று பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டிய விஷயம் அது.

இப்போது காகிதங்கள். "பவர் ஆஃப் அட்டர்னி வாங்கிட்டா போதும்" என்று எல்லாரும் சொல்வார்கள். அது போதாது. இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, பவர் கொடுத்தவர் மனத் தெளிவை இழந்தால் அந்த பவரும் செல்லாமல் போகிறது. உங்களுக்கு அது தேவைப்படும் நேரத்தில்தான் அது கைவிடும். அதனால் இப்போதே அம்மாவின் கணக்குகளையும் டெபாசிட்டுகளையும் "இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்" என்ற முறையில் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். எல்லாவற்றிலும் நாமினி இருக்கிறதா என்று பாருங்கள். 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது, கிளையில் கேளுங்கள். குடும்ப ஓய்வூதியம் வருகிறது என்றால் நவம்பர் மாத உயிர்வாழ் சான்றை ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டி வீட்டிலிருந்தே கொடுத்துவிடலாம்.

உயில் எழுத அம்மாவுக்கு விருப்பம் இருந்தால், டிமென்ஷியா என்ற பெயர் வந்துவிட்டதால் மட்டுமே அது முடியாமல் போகாது. என்ன சொத்து, யார் பிள்ளைகள், யாருக்கு என்ன என்று அவரால் தெளிவாகச் சொல்ல முடிகிறதா என்பதுதான் கேள்வி. அன்றைய தேதியிட்ட டாக்டர் சான்று ஒன்று, சாட்சிகள் இருவர், சப் ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் பதிவு. அண்ணனுக்குத் தெரியாமல் இதைச் செய்யாதீர்கள்; பின்னால் வழக்கு வரும் இடம் இதுதான்.

2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தனக்காகச் சிகிச்சை முடிவுகளில் துணை நிற்கும் பிரதிநிதியை ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டே நியமிக்கலாம். செலவு இல்லை, வக்கீல் தேவையில்லை, ஆனாலும் யாரும் செய்வதில்லை. கடைசிக் கட்டத்தில் வென்டிலேட்டர் வேண்டாம் என்பது போன்ற விருப்பங்களுக்கு வாழ்நாள் விருப்ப ஆவணம் தனி. 2023-ல் உச்ச நீதிமன்றம் அதை எளிதாக்கிவிட்டது: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று போதும். அம்மாவிடம் ஒரு நல்ல காலை வேளையில், அவர் தெளிவாக இருக்கும்போது, தமிழில் நிதானமாகக் கேளுங்கள். இதையெல்லாம் தவறவிட்டவர்கள் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டுப் பாதுகாவலராக நியமனம் வாங்க வேண்டியிருக்கிறது.

பணச் சலுகை மூன்று. மத்திய அரசின் திட்டப்படி 70 வயது தாண்டிய எல்லாருக்கும் வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மான் என்ற மருத்துவக் காப்பீட்டு அட்டை உண்டு, வருடம் 5 லட்சம் வரை; கர்நாடகத்தில் செல்லுமா என்று முதலில் விசாரியுங்கள். மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பயன், மாதாந்திர மாத்திரைக்கும் அட்டெண்டருக்கும் உதவாது. இரண்டாவது, யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அட்டை. சட்டப் பட்டியலில் டிமென்ஷியா என்று தனி வரி இல்லை; பெரும்பாலும் மனநோய்ப் பிரிவில் ஐடியாஸ் அளவுகோலை வைத்து மதிப்பிடுகிறார்கள், 40 சதவீதம் வந்தால்தான் சலுகைகள். விண்ணப்பம் ஆன்லைனில், பரிசோதனை அரசு மருத்துவமனையில். அங்கே அம்மாவின் "நல்ல முகத்தை" மட்டும் காட்டிவிட்டு வராதீர்கள், வீட்டில் என்னென்ன முடியவில்லை என்று எழுதிக் கொடுங்கள். மூன்றாவது வருமான வரி. 1961 சட்டத்தில் 80டிடிபி என்று அறியப்பட்ட பிரிவில், 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று சான்று உள்ள டிமென்ஷியாவுக்கு 60 வயது தாண்டியவர்களின் சிகிச்சைச் செலவில் 1 லட்சம் வரை கழிவு உண்டு. 80டிடி என்ற பிரிவில் சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளிக்காக 75,000, கடுமையான நிலையில் 1,25,000. இரண்டும் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்குத்தான்.

வீட்டுக்குள் வருவோம். வளையல் விஷயத்தில் "யாரும் எடுக்கலம்மா" என்று வாதாடி யாரும் ஜெயித்ததில்லை. வைத்த இடம் அவருக்கு நினைவில்லை. வளையல் இல்லை என்பது மட்டும் கண்முன் இருக்கிறது. அந்த இடைவெளியை மூளை "திருடிட்டாங்க" என்று நிரப்பிக்கொள்கிறது. "அய்யோ, வாங்க தேடலாம்" என்று கூடவே தேடுங்கள், அவர் கையாலேயே கண்டெடுக்க விடுங்கள். அரிசி டப்பா, தலையணை உறை, பூஜை அலமாரி, புடவை மடிப்பு என அவருடைய ஒளிவிடங்கள் நாலைந்துதான் இருக்கும், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தங்கத்தை எடுத்துப் பத்திரப்படுத்தி, அதே மாதிரி கவரிங் வளையல் இரண்டு ஜோடி வாங்கி வையுங்கள். வேலைக்கு வரும் பெண்ணிடம் இது நோய் என்று உட்கார வைத்துச் சொல்லுங்கள். அந்தப் பெண் மனம் நொந்து நின்றுவிட்டால் உங்கள் வீடே நின்றுவிடும்.

கேஸ் சிலிண்டரில் ரெகுலேட்டரை மூடிவிட்டு ஆபீஸ் போவது முதல் படி. ஆனால் அம்மாவைச் சமையலறையை விட்டு முழுதாக விலக்காதீர்கள். கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது, பட்டாணி உரிப்பது நெருப்பில்லாத வேலைகள், கைக்குப் பழகியவை. பூஜை விளக்கு புடவையில் பற்றும் ஆபத்து உண்டு. பேட்டரி விளக்கு வையுங்கள், எண்ணெய் விளக்கு நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். குளியலறையின் உள்தாழ்ப்பாளை இன்றைக்கே கழற்றுங்கள்.

குளியல்தான் பல வீடுகளில் தினசரிப் போர். "ரெண்டு நாளா குளிக்கல" என்று இழுத்துக்கொண்டு போவதால் போர் வருகிறது. பெங்களூரின் டிசம்பர் காலையில் ஏழு மணிக்குக் குளிக்கச் சொன்னால் யாருக்கும் வேப்பங்காய்தான். வெயில் ஏறிய பதினொரு மணிக்கு வையுங்கள். ஆள் உள்ளே வருவதற்கு முன்பே வாளியில் வெந்நீர் விளாவி முழங்கையால் சூடு பார்த்து, துண்டு, உள்பாவாடை, நைட்டி எல்லாம் போடும் வரிசையில் அடுக்கியிருக்க வேண்டும். கீழே ரப்பர் விரிப்பு, கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலி. உட்கார வைத்து மடியில் ஒரு துண்டைப் போர்த்துங்கள். கூச்சத்தில்தான் பாதி எதிர்ப்பு வருகிறது. சொம்பை அவர் கையிலேயே கொடுங்கள். தண்ணீர் முதலில் பாதத்தில், பிறகு முழங்கால், தொடை, கை, தோள். தலையில் எடுத்தவுடன் ஊற்றினால் யாரோ தாக்குவது போல அலறுவார். ஷவர் வேண்டாம், எங்கிருந்து தண்ணீர் விழுகிறது என்று அவருக்குப் புரியாது. ஒரு நேரத்தில் ஒரு வாக்கியம்: "கையை நீட்டுங்கம்மா." நீட்டும் வரை அடுத்த வாக்கியம் வேண்டாம். மறுத்தால் விட்டுவிட்டு அரை மணி கழித்து "எண்ணெய் தேய்ச்சு விடட்டுமா?" என்று வேறு வாசலில் வாருங்கள். வாரம் மூன்று குளியல், மற்ற நாள் துடைத்துவிடுவது போதும்.

சாயங்காலம் நாலரை மணிக்கே விளக்கெல்லாம் போடுங்கள். பொழுது சாயும்போது நிழல் கூடிக் குழப்பமும் கூடும். "வீட்டுக்குப் போகணும், அவர் ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற நேரம், சோறு ஆக்கணும்" என்று உங்கள் அம்மா கிளம்பலாம். 2001-ல் மூடிய தங்கவயல் சுரங்கம் அவருக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. "அப்பா செத்துப் போய் பத்து வருஷம் ஆச்சு" என்று திருத்தினால் ஒவ்வொரு முறையும் புதுச் சாவு வீடு. "என்ன ஆக்கப் போறீங்கம்மா?" என்று கேளுங்கள். பேச்சு குழம்புக்குப் போய்விடும், கால் சமையலறைப் பக்கம் திரும்பும்.

ஒருநாள் கதவு திறந்திருக்கும், கிளம்பியே விடுவார். அவர் எங்கே போவார் என்பதை இன்றைக்கே யோசித்து வையுங்கள். உங்கள் வீட்டிலிருந்து கிருஷ்ணராஜபுரம் ரயில் நிலையம் அதிக தூரமில்லை. தங்கவயலுக்குப் போகும் மாரிக்குப்பம் வண்டி அங்கே நிற்கும். பழைய வீட்டுக்குப் போகிறவரின் வழி அதுவாக இருக்கலாம். காணவில்லை என்றால் ஒருவர் ரயில் நிலையத்துக்கு, ஒருவர் பஸ் நிறுத்தத்துக்கு, ஒருவர் வழக்கமான கோயிலுக்கு, ஒருவர் வீட்டிலேயே. 112-ஐ அழையுங்கள். 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. புடவை நிறம் தெரியும்படி தினமும் காலையில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள், பத்து நொடி வேலை. இரண்டு போன் எண்களும், தமிழிலும் கன்னடத்திலும் "எனக்கு மறதி நோய், இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்" என்ற வரியும் கையில் கட்டிய பட்டையில் இருக்க வேண்டும். பர்ஸை மறந்துவிடுவார், பட்டையை மறக்க முடியாது. தெருமுனைக் கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்ட், அபார்ட்மென்ட் வாட்ச்மேன் மூவரிடமும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்துங்கள்.

உதவி கிடைக்கும் இடங்கள். நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்ட் 1998 முதல் பெங்களூரில் முதியோருக்காக வேலை செய்கிறது. அதன் அல்சைமர் மையம் உங்களுக்குப் பக்கத்திலேயே கஸ்தூரிநகரில். நிரந்தரமாகச் சேர்ப்பது பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். பகல்நேரப் பராமரிப்பு, குறுகிய காலத் தங்கல், வீட்டுக்கு வந்து பார்ப்பது இவற்றில் என்ன கிடைக்கும் என்று கேளுங்கள். அந்த டிரஸ்டும் நகரக் காவல்துறையும் சேர்ந்து நடத்தும் முதியோர் உதவி எண் 1090. டிமென்ஷியாவுக்கென்றே டிமென்ஷியா இந்தியா அலையன்ஸ் நடத்தும் உதவி எண் 8585990990. 1992-ல் கேரளத்தில் தொடங்கிய, அல்சைமர் போன்ற மறதி நோய்களுக்கான ஏஆர்டிஎஸ்ஐ அமைப்புக்குப் பெங்களூரில் கிளை உண்டு. குடும்பத்தினர் கூடிப் பேசும் கூட்டம் எப்போது என்று விசாரியுங்கள், கூச்சப்படாமல் போங்கள். எந்த டாக்டரும் சொல்லாத வழிகள் அங்கே கிடைக்கும். நடு இரவில் உங்களுக்கே தாங்க முடியவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். முதியோருக்கான தேசிய எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை.

வீட்டுக்கு ஆள் வைக்கும்போது ஏஜென்சியிடம் முதல் கேள்வி சம்பளமாக இருக்க வேண்டாம், "தமிழ் பேசுவாங்களா?" என்று கேளுங்கள். நன்றாக வேலை தெரிந்த பெண்ணாக இருந்தாலும், "வயிறு வலிக்குது" என்று அம்மா சொல்வது புரியாவிட்டால் அந்த வலி கத்தலாக மாறும், கத்தலுக்கு மாத்திரை எழுதப்படும். ஏஜென்சியில் கிடைக்கவில்லை என்றால் தமிழர்கள் அதிகம் இருக்கும் அல்சூர், ஸ்ரீராமபுரம், மர்ஃபி டவுன் பக்கம் தெரிந்தவர்கள் மூலம் தேடுங்கள். தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறவர்கள் ஏராளம். முழுநேரம் தூங்காமல் ஒருவரால் பார்க்க முடியாது, இரவில் அம்மா எழுந்து நடக்கிறவர் என்றால் பகல் ஆளும் இரவு ஆளும் தனி. ஆள் வராத நாளில் மாற்று எத்தனை மணி நேரத்தில் வரும், விடுப்பு எத்தனை, தூக்குவது, கழுவிவிடுவது எல்லாம் வேலையில் சேருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். முதல் வாரம் நீங்களோ மனைவியோ வீட்டில் இருந்தாக வேண்டும். அம்மாவிடம் "உங்களைப் பார்த்துக்க ஆள்" என்று சொல்லாமல் "எனக்கு வீட்டு வேலைக்கு ஒத்தாசைக்கு வந்திருக்காங்க" என்று அறிமுகப்படுத்தினால் மானம் காக்கப்படும், எதிர்ப்பு குறையும்.

சாப்பாட்டைப் பற்றி இப்போதே தெரிந்து வையுங்கள், தேவைப்பட இன்னும் காலம் இருக்கலாம். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டபின் தொண்டையில் கரகரப்பு, அடிக்கடி காய்ச்சல் என்றால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். தண்ணியான ரசம் சாதம் நம் வீடுகளில் "லேசான சாப்பாடு"; விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு அதுதான் ஆபத்து. பருக்கை வாயில் நிற்க, ரசம் முன்னால் ஓடிவிடும். குழைந்த பொங்கல், கெட்டியான ராகிக் கஞ்சி, மசித்த தயிர்சாதம் ஒரே பதமாக இருப்பதால் நல்லவை. நிமிர்ந்து உட்கார்ந்து, முகவாய் சற்றுத் தாழ்ந்து, சின்ன ஸ்பூனில், முந்தைய வாய் இறங்கிய பிறகு அடுத்தது; சாப்பிட்டபின் அரை மணி படுக்கக் கூடாது. மாத்திரைகளைப் பொடிக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள், மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளைப் பொடித்தால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கும். முற்றிய நிலையில் மூக்குக் குழாய் போடலாமா என்ற கேள்வி வரும். முற்றிய டிமென்ஷியாவில் குழாய் ஆயுளைக் கூட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ ஆதாரம் இல்லை. கையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவதையே முதியோர் மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். "பட்டினி போட்டுக் கொல்றீங்களா" என்று சொந்தக்காரர் ஒருவர் கட்டாயம் கேட்பார். அதனால்தான் அம்மாவின் விருப்பத்தை இப்போதே எழுதி வாங்குவது நல்லது.

கடைசியாக அண்ணன் விஷயம். மாதம் ஒரு ஞாயிறு வந்து பழம் கொடுத்துவிட்டுப் போகிறவருக்கு அம்மா "நல்லாத்தான் இருக்காங்க" என்றே தோன்றும். விருந்தாளி முன் ஒரு மணி நேரம் கட்டிச் சமாளிப்பது இந்த நோயில் சகஜம். அதனால் அவரிடம் கேட்க வேண்டியது தொடர்ந்து பத்து நாள், நீங்களும் மனைவியும் வீட்டில் இல்லாத பத்து நாள். அம்மாவைச் சென்னைக்கு மாற்றாமல் அண்ணன் இங்கே வந்து தங்கட்டும், இடம் மாறினால் குழப்பம் கூடும். தூரத்தில் இருந்தே செய்யக்கூடிய வேலைகளை, அதாவது யூடிஐடி விண்ணப்பம், வரி, இன்சூரன்ஸ், மாத்திரை ஆர்டர், ஏஜென்சியோடு பேசுவது ஆகியவற்றை, முழுதாக அவர் பெயரில் எழுதிவிடுங்கள். இந்த வீட்டில் இரவு எழுந்து பார்ப்பவர் யார் என்பதையும் எழுதுங்கள். பெரும்பாலான வீடுகளில் அது மருமகள், பகலில் வேலைக்கும் போகிறவர். வாரத்தில் இரண்டு இரவாவது அவர் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும், அந்த இரண்டு இரவுகளும் உங்களுடையவை.